ஐம்பது டாலர் ஜீப்பும் எண்பது லட்ச ரூபாய் ஜீப்பும்

இரண்டாம் உலகப்போர் முடிந்து பல வருடங்கள் வரைக்கும் அமெரிக்க மெக்கானிக் பத்திரிகைகளின் பின்பக்கங்களில் ஒரு சின்ன விளம்பரம் வந்துகொண்டே இருந்தது. ராணுவ ஜீப், மரப்பெட்டியில் பிரிக்காமல் அப்படியே, விலை ஐம்பது டாலர்! பணம் அனுப்பினால் ஜீப் வராது. ராணுவத்தின் உபரிப் பொருட்களை அரசாங்கத்திடம் எப்படி ஏலம் எடுப்பது என்று சொல்லும் மெல்லிய புத்தகம் ஒன்று தபாலில் வரும். அவ்வளவுதான்.

ஆனாலும் அந்தக் கதை சாகவில்லை. "எங்க சித்தப்பாவோட ஃபிரண்ட் ஒருத்தர் வாங்கினாராம்" என்கிற ரகத்தில் அமெரிக்கா முழுக்க இன்றும் உலவுகிறது. வாங்கியவரை நேரில் பார்த்தவர்தான் யாரும் இல்லை.

கதைக்கு ஒரு அடிப்படை இருக்கத்தான் செய்தது. போர்க்காலத்தில் கப்பலில் இடத்தை மிச்சப்படுத்த ஜீப்புகளைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பெட்டியில் அடைத்து அனுப்பியது உண்மை. போர் முடிந்ததும் உபரி ஜீப்புகளை அமெரிக்க அரசு விற்றதும் உண்மை. ஆனால் ஓடுகிற வண்டிக்குச் சில நூறு டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. அதிலும் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கே முன்னுரிமை. பெட்டியோடு ஐம்பது டாலர் என்பது ஆசையில் பிறந்த விலை.

ஒரு பழைய ராணுவ ஜீப்புக்கு என்ன விலை கொடுக்கலாம் என்ற கேள்விக்குப் பின்னால் இப்படிப்பட்ட கதைகள் நிறைய உண்டு. நம் நாட்டின் முதல் பெரிய ஊழல் குற்றச்சாட்டே பழைய ராணுவ ஜீப் வாங்கிய விலையைப் பற்றியதுதான். அதற்குப் போகும் முன்னால் வண்டி எப்படிப் பிறந்தது என்று பார்த்துவிடலாம்.

49 நாள் கெடு

1940 கோடையில் பிரான்ஸ் ஹிட்லரிடம் விழுந்தது. தனக்கும் போர் வரும் என்று அமெரிக்க ராணுவத்துக்குப் புரிந்தது. மோட்டார் சைக்கிளுக்கும் லாரிக்கும் நடுவில், நான்கு சக்கரமும் இழுக்கும் ஒரு இலேசான வண்டி வேண்டும். 1940 ஜூலையில் 135 கம்பெனிகளுக்கு அழைப்பு போனது. நிபந்தனைகள் கடுமையானவை. மாதிரி வண்டிக்கு 49 நாள், மொத்தம் 70 வண்டிக்கு 75 நாள். எடை 1,300 பவுண்டுக்குள், அதாவது 590 கிலோவுக்குள் இருக்க வேண்டும். 135-ல் உருப்படியாகப் பதில் சொன்னவை இரண்டே கம்பெனிகள். ஒன்று பென்சில்வேனியாவின் பட்லர் என்ற ஊரில் இருந்த அமெரிக்கன் பாண்டம், மற்றொன்று ஓஹையோவின் வில்லிஸ் ஓவர்லாண்ட்.

பாண்டம் கிட்டத்தட்ட மூழ்கிக்கொண்டிருந்த கம்பெனி. குட்டிக் கார்கள் செய்து பார்த்து நஷ்டப்பட்டு, கையில் காசும் இல்லாமல், வரைபடம் போட இன்ஜினியரும் இல்லாமல் கிடந்தது. டெட்ராய்ட்டிலிருந்து கார்ல் ப்ராப்ஸ்ட் என்பவரைக் கூப்பிட்டார்கள். அவர் இரண்டு நாளில் மொத்த வண்டிக்கும் வரைபடம் போட்டுக் கொடுத்தார். 1940 செப்டம்பர் 23 அன்று, கெடு முடிய அரை மணி நேரமே இருக்கும்போது, மாதிரி வண்டி மேரிலாண்டில் இருந்த ஹோலாபேர்ட் ராணுவ முகாமுக்குள் நுழைந்தது. எடை என்னவோ 1,800 பவுண்டைத் தாண்டிவிட்டது. ஆனால் ராணுவத்துக்கு வண்டி பிடித்துப்போயிற்று.

இதற்கு அடுத்து நடந்ததுதான் அநியாயம். பாண்டம் சின்னக் கம்பெனி, லட்சக்கணக்கில் செய்து தள்ள அதனால் முடியாது என்று ராணுவம் முடிவு செய்தது. பாண்டத்தின் வரைபடங்களை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டியது. இரண்டும் 1940 நவம்பரில் தங்கள் மாதிரிகளைக் கொண்டுவந்தன. ஃபோர்டின் வண்டி பார்க்க நேர்த்தியாக இருந்தது. வில்லிஸிடம் என்ஜின் இருந்தது. பார்னி ரூஸ் என்ற இன்ஜினியர் மெருகேற்றிய அந்த 2.2 லிட்டர் என்ஜின் 60 குதிரைத்திறன் கொடுத்தது. மற்ற இரண்டும் அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஆனால் வில்லிஸ் வண்டி கனம். எடை வரம்புக்குள் கொண்டுவர ரூஸின் ஆட்கள் போல்ட்டுகளின் நீளத்தைக் குறைத்து, பெயின்ட்டைக்கூட ஒரே பூச்சாக்கினார்கள்.

1941 ஜூலையில் 16,000 வண்டிகளுக்கான ஆர்டரை வண்டி ஒன்றுக்கு 750 டாலருக்கும் குறைவான விலை சொல்லி வில்லிஸ் தட்டிச் சென்றது. அதுவும் போதாமல் போகவே, வில்லிஸின் வரைபடத்தை வைத்து ஃபோர்டும் அதே வண்டியைச் செய்ய 1941 நவம்பரில் ஒப்பந்தமானது. வில்லிஸ் வண்டிக்கு எம்.பி. என்று பெயர். ஃபோர்டு வண்டிக்கு ஜி.பி.டபிள்யூ. அந்தக் கடைசி எழுத்து வில்லிஸைக் குறிப்பது. போர் முடிவதற்குள் வில்லிஸ் சுமார் 3,60,000 வண்டிகளும் ஃபோர்டு சுமார் 2,78,000 வண்டிகளும் செய்துவிட்டன. பெற்ற தாயான பாண்டம் செய்ததோ மொத்தம் மூவாயிரத்துக்கும் குறைவு. பிறகு அந்த ஜீப்புகளின் பின்னால் மாட்டும் டிரெய்லர்களைச் செய்து காலம் தள்ளியது.

போர் நடக்கும்போதே "ஜீப்பைப் படைத்தவர்கள் நாங்கள்" என்று வில்லிஸ் விளம்பரம் செய்ய ஆரம்பித்தது. அமெரிக்க வர்த்தக ஆணையம் 1943-ல் இதன்மேல் வழக்குத் தொடுத்து, 1948-ல், ஜீப் என்ற வண்டியின் யோசனை ராணுவத்தோடு சேர்ந்து பாண்டம் உருவாக்கியது, வில்லிஸ் அப்படி உரிமை கொண்டாடக் கூடாது என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. பாண்டத்துக்குத்தான் ஒரு பிரயோஜனமும் இல்லை. 1950-ல் ஜீப் என்ற பெயரையே வில்லிஸ் வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொண்டது. பாண்டம் அந்தப் பத்தாண்டிலேயே இல்லாமல் போனது.

எண்களும் எழுத்துகளும்

ஆறு லட்சத்துக்கும் மேலே செய்த வண்டி. அப்படியிருக்க ஒன்று காயலான் கடை விலைக்கும் இன்னொன்று புதுக் கார் விலைக்கும் ஏன் போகிறது?

முதல் காரணம், ஜீப் மாதிரி இருப்பதெல்லாம் போர்க்கால ஜீப் இல்லை. 1945-ல் வில்லிஸ் பொதுமக்களுக்காக சி.ஜே.2ஏ என்ற வண்டியை வெளியிட்டது. அதன் பிறகு சி.ஜே.3ஏ, ராணுவத்துக்கு எம்38, பிரான்சில் ஹாட்ச்கிஸ் கம்பெனி உரிமம் பெற்றுச் செய்த எம்201 என்று வரிசையாகத் தம்பிகள் பிறந்தார்கள். தூரத்தில் பார்த்தால் எல்லாம் ஒரே முகம்தான். கிட்டே போய் முன்பக்கக் கிரில்லின் துளைகளை எண்ண வேண்டும். போர்க்கால ஜீப்பில் ஒன்பது துளைகள், சி.ஜே.-க்களில் ஏழு. போர்க்கால ஜீப்பின் ஹெட்லைட் சிறியது, கிரில்லுக்குள் உள்வாங்கி இருக்கும். ஒரு திருகைத் தளர்த்தி அதை அப்படியே பின்பக்கம் திருப்பினால் ராத்திரியில் என்ஜின் ரிப்பேர் பார்க்க வெளிச்சம் கிடைக்கும்! (இவ்வளவு எளிமையான வசதி பிறகு வந்த வண்டிகளில் ஏன் காணாமல் போனது என்பது புரியாத விஷயம்.) பின்பக்கக் கதவு கிடையாது. சி.ஜே.-யில் உண்டு, விவசாயி மூட்டை ஏற்ற வேண்டுமே!

என்ஜினிலும் அடையாளம் இருக்கிறது. போர்க்கால என்ஜினின் டைமிங் செயின் கொண்டது. சில வருடம் கழித்து வந்தவற்றில் செயினுக்குப் பதில் கியர். வெளியே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பிதான், ஒன்றின் இடத்தில் இன்னொன்று அப்படியே உட்கார்ந்துவிடும். அதனால்தான் போர்க்கால சேசிஸில் 1950களின் என்ஜின் இருப்பது சர்வ சாதாரணம்.

சரி, வண்டி போர்க்காலத்துடையதுதான் என்று தெரிந்துவிட்டது. அடுத்த கேள்வி வில்லிஸா, ஃபோர்டா? முன் பம்பருக்குப் பின்னால் சேசிஸின் குறுக்குச் சட்டத்தைப் பார்த்தால் போதும். உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ், மடித்த தகட்டில் செய்த சதுரச் சட்டமாக இருந்தால் ஃபோர்டு. வில்லிஸின் சேசிஸ் எண் ஒரு சின்னத் தகட்டில் அடித்து முன்பக்கம் இடது சட்டத்தின் உள்பக்கம் பொருத்தப்பட்டிருக்கும். ஃபோர்டில் இடது சட்டத்தின் மேல்பக்கமே எண்ணைக் குத்திவிடுவார்கள். ஃபோர்டு தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போது சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் ஒன்றாக இருந்தன. வில்லிஸில் அப்படி இல்லை, இரண்டும் வேறு வேறு எண்கள். இது தெரியாமல் "நம்பர் மேட்ச் ஆகவில்லை" என்று வில்லிஸுக்கு விலை குறைத்தவர்களும் உண்டு. "மேட்ச் ஆகிறது பாருங்க" என்று வில்லிஸைக் காட்டி விலை ஏற்றியவர்களும் உண்டு. இந்த இரண்டாவது ரகத்திடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எண் ஒத்துப்போகிற வில்லிஸ் என்றால் யாரோ சுத்தியலோடு உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஃபோர்டு இன்னொரு காரியம் செய்தது. பெரும்பாலான பாகங்களில், போல்ட்டின் தலையில்கூட, எஃப் என்ற எழுத்தைப் பொறித்தது. மற்ற கம்பெனியின் பாகம் உடைந்து அதற்குத் தான் பணம் கட்ட வேண்டி வந்துவிடக் கூடாது என்பதற்காகவாம். இன்றைக்கு அந்த எஃப் போட்ட போல்ட் ஒவ்வொன்றையும் தேடித் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு கைப்பிடி பழைய போல்ட்டுக்கு ஒரு புது டயரின் விலை!

இரும்புப் பட்டைகளை வரிசையாக வெல்டிங் வைத்துச் செய்த கிரில், 1942 ஆரம்பம் வரை வந்த வில்லிஸில் மட்டும் இருந்தது. சுமார் 25,800 வண்டிகள்தான். இப்போது எல்லாரும் பார்த்துப் பழகிய ஒன்பது துளைத் தகட்டுக் கிரில் உண்மையில் ஃபோர்டின் யோசனை. செய்ய மலிவாக இருந்ததால் வில்லிஸும் அதற்கு மாறியது. ஆரம்ப வண்டிகளின் பின்பக்கத் தகட்டில் கம்பெனிப் பெயர் புடைப்பாக இருந்தது. ராணுவச் செலவில் ஓசி விளம்பரமா என்று 1942-ல் அதை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். பட்டைக் கிரில்லும் பெயர்த் தகடும் அப்போது செலவைக் கூட்டிய சமாச்சாரங்கள், இன்றைக்கு அவைதான் விலையைக் கூட்டுகின்றன. மரபாகப் பார்த்தால் டேஷ்போர்டில் கையுறைப் பெட்டி மூடியில் இருக்கும் மூன்று தகடுகளில் ஒன்றில் வண்டி ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்ட தேதி இருக்கும். நார்மண்டி தரையிறக்கம் நடந்த 1944 ஜூன் 6-க்கு முந்தைய தேதி என்றால் வாங்குபவர் கண்ணில் ஒரு பளபளப்பு வரும். ஆனால் எதுவும் பொறிக்காத வெற்றுத் தகடுகள் இன்று புதிதாகவே விற்பனைக்குக் கிடைக்கின்றன. தேதியை வாங்குபவரே குத்திக்கொள்ளலாம். தகட்டைப் பார்த்து விலை பேசுபவர்களைப் பற்றி வேறென்ன சொல்ல?

எது அசல்?

ஜீப் பாடியின் பெரிய எதிரி துரு. தரைத் தகடு வளையாமல் இருக்க அதன் அடியில் தொப்பி வடிவில் மடித்த இரும்புப் பட்டைகளை வைத்து, அதற்குள் மரக்கட்டையைச் செருகினார்கள். அந்தக் கட்டை மழைத்தண்ணீரை பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு உள்ளிருந்தே இரும்பைத் தின்றது. போர்க்கள வண்டி இரண்டு மூன்று வருடம் உழைத்தால் போதும் என்று கணக்குப் போட்டுச் செய்ததுதானே, எண்பது வருடம் கழித்து ஒருவர் குனிந்து டார்ச் அடித்துப் பார்ப்பார் என்று யார் நினைத்திருப்பார்கள்! அதனால் பழைய ஜீப் வாங்குகிறவர் பெயின்ட்டைப் பார்த்து மயங்காமல் முதலில் படுத்து அடிப்பக்கம் பார்க்க வேண்டும். காந்தத்தை வைத்துப் பார்த்தால் எங்கே பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

பாடி முழுக்கப் போய்விட்டால்? புதிதாகவே வாங்கலாம். பிலிப்பைன்ஸில் இதற்கென்றே தொழிற்சாலை நடக்கிறது. அது அங்கே வளர்ந்ததற்குக் காரணம் உண்டு. போர் முடிந்ததும் அமெரிக்கப் படைகள் ஏராளமான ஜீப்புகளை அங்கே விட்டுவிட்டுப் போயின. மக்கள் அவற்றின் பின்பக்கத்தை நீட்டி, கூரை போட்டு, வண்ணம் பூசி ஷேர் வண்டி ஆக்கினார்கள். ஜீப்னி பிறந்த கதை அது. தகட்டை வளைத்து ஜீப் செய்யும் கைப்பழக்கம் அந்த ஊரில் அப்படியே நிலைத்துவிட்டது. இன்று புது பாடி, புது கிரில், புது சீட்டு எல்லாம் வாங்கிப் போட்டு ஒரு முழு ஜீப்பையே கட்டிவிட முடியும். சேசிஸில் ஒரு எண் மட்டும் பழசாக இருந்தால் போதும், "1943 வில்லிஸ்" தயார்.

ஐரோப்பாவில் வேறு மாதிரி. பிரெஞ்சு ராணுவம் அமெரிக்க ஜீப்புகளை விடவே இல்லை. பாரிசுக்குப் பக்கத்தில் பட்டறை வைத்துப் பத்து இருபது வருடம் அவற்றைக் கழற்றிப் பூட்டிக்கொண்டே இருந்தது. நல்ல பாகங்களையெல்லாம் ஒன்றாகக் கலந்து போட்டுப் பூட்டினார்கள். வில்லிஸ் சேசிஸ், ஃபோர்டு பாடி, ஹாட்ச்கிஸ் என்ஜின் என்று ஒரு வண்டி வெளியே வந்தால் அங்கே யாரும் ஆச்சரியப்படவில்லை.

இங்கேதான் இந்த வியாபாரத்தின் விசித்திரம் இருக்கிறது. வில்லிஸ் பாகம் ஃபோர்டிலும் ஃபோர்டு பாகம் வில்லிஸிலும் பொருந்த வேண்டும் என்பதுதான் ராணுவத்தின் திட்டம். போர்க்களத்தில் ஒரு வண்டி குண்டில் போனால் அதன் சக்கரமும் கதிரியக்கியும் அடுத்த வண்டிக்குப் போகும். எந்தக் கம்பெனி என்று எந்தச் சிப்பாயும் போல்ட் தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஆக, நிஜமாகவே போருக்குப் போன ஜீப் கலப்பு ஜீப்பாகத்தான் இருக்கும். எல்லா எஃப் போல்ட்டும் அப்படியே இருக்கிற சுத்தமான ஃபோர்டு என்றால், அது பெரும்பாலும் அமெரிக்காவிலேயே ஏதோ ஒரு கிடங்கில் போர் முழுக்கச் சும்மா நின்ற வண்டி. இல்லை என்றால் பொறுமைசாலி ஒருவர் இருபது வருடம் செலவழித்துச் சேர்த்த வண்டி. சந்தை அதிகப் பணம் கொடுப்பது இந்த இரண்டுக்கும்தான். குண்டடி பட்டு, பாகம் மாறி, ஓடி உழைத்த வண்டிக்கு விலை குறைவு!

அமெரிக்காவின் ராணுவ வாகனப் பாதுகாப்புச் சங்கம் இந்தச் சங்கடத்தை உணர்ந்ததோ என்னவோ, தன் போட்டிகளில் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் இருக்கும் வண்டிக்கு ஒரு பிரிவும் ராணுவப் பட்டறையில் பராமரித்த நிலையில் இருக்கும் வண்டிக்கு ஒரு பிரிவும் வைத்திருக்கிறது. சந்தை இன்னும் அந்த அளவுக்கு யோசிக்கவில்லை. அமெரிக்காவில் நன்றாகப் புதுப்பித்த போர்க்கால ஜீப் 20,000 டாலரைத் தாண்டிப் போவது சாதாரணம். பட்டைக் கிரில் என்றால் இன்னும் மேலே.

பாண்டம் வண்டிகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. முதலில் செய்த அந்த எழுபதில் ஒன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. விற்பனைக்கு வந்தால்தானே விலை பேச!

இந்தியா வாங்கிய பழைய ஜீப்

இனி நம் ஊருக்கு வரலாம். 1947 அக்டோபரில் காஷ்மீரில் சண்டை தொடங்கியது. மலைப்பாதைகள், பனி, மோசமான சாலை. ஜீப் இல்லாமல் ராணுவத்தால் நகர முடியாது. போர்க்கால ஜீப்புகள் இந்தியாவில் இருந்தன, ஆனால் பர்மா எல்லையில் அடிபட்டுத் தேய்ந்தவை அவை. லண்டனில் இந்தியத் தூதராக இருந்தவர் வி.கே. கிருஷ்ண மேனன். (கோழிக்கோட்டுக்காரர், சென்னை மாநிலக் கல்லூரி மாணவர்.) 1948-ல் அவர் வழக்கமான நடைமுறைகளைத் தாண்டி ஒரு வெளிநாட்டுக் கம்பெனியோடு ஜீப் வாங்க ஒப்பந்தம் போட்டார். புது ஜீப் அல்ல, போரில் ஓடியதைப் பழுதுபார்த்த ஜீப். மொத்த மதிப்பு சுமார் 80 லட்ச ரூபாய்.

எத்தனை ஜீப்? பல இடங்களில் 200 என்று போட்டிருக்கும். இதை அப்படியே நகல் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு நிமிடம் வகுத்துப் பார்த்தால் போதும். 80 லட்சத்தை 200-ஆல் வகுத்தால் ஜீப் ஒன்றுக்கு 40,000 ரூபாய். அன்றைக்கு ஒரு பவுண்டுக்கு 13 ரூபாய் 33 காசு கணக்கு, ஆக 3,000 பவுண்டு! அந்த விலைக்கு எந்தக் கிறுக்கனும் பழைய ஜீப் வாங்க மாட்டான். 2,000 ஜீப், ஒன்றுக்கு 300 பவுண்டு என்று வைத்தால் 6 லட்சம் பவுண்டு, அதாவது சரியாக 80 லட்ச ரூபாய். ஒரு சைபர் எங்கேயோ தவறிப்போய், அதுவே ஊழலைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் 300 பவுண்டு நியாயமா? 1948-ல் ஒரு பவுண்டு 4.03 டாலர். 300 பவுண்டு என்பது ஏறக்குறைய 1,209 டாலர். 1945-ல் சி.ஜே.2ஏ வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 1,090 டாலர். ஆக, பழுதுபார்த்த பழைய வண்டிக்குக் கிட்டத்தட்ட புது வண்டியின் விலை! அன்றைக்கு எதிர்க்கட்சிகள் கேட்டதும் இதைத்தான்.

மேனன் பக்கமும் ஒரு வாதம் உண்டு. இந்தியாவிடம் டாலர் இல்லை. போர்க்காலத்தில் பிரிட்டனுக்குக் கொடுத்த சரக்குக்கும் சேவைக்கும் ஈடாக லண்டனில் குவிந்து கிடந்தது பவுண்டுக் கணக்கில் இருந்த பணம். டாலர் கொடுத்து அமெரிக்காவில் புது ஜீப் வாங்குவதும் பவுண்டு கொடுத்து ஐரோப்பாவில் பழசு வாங்குவதும் அன்றைய அரசுக்கு ஒரே செலவு இல்லை. அவசரமும் இருந்தது. எல்லையில் சண்டை நடக்கும்போது டெண்டர் விட்டுக்கொண்டிருக்க முடியாது என்பார்கள்.

விலையை இப்படி விளக்கிவிடலாம். விளக்க முடியாதது, வண்டியைப் பார்க்காமல் பணம் கொடுத்ததுதான். அந்தக் கம்பெனி மிகச் சிறிய மூலதனம் உள்ளது. இருந்தும் பெரிய தொகை முன்கூட்டியே போனது. வந்து சேர்ந்தவை 155 ஜீப்புகள் மட்டுமே. அவற்றையும் ராணுவம் பயன்படுத்த லாயக்கில்லை என்றது. வந்து சேரும்போது காஷ்மீரில் சண்டை நிறுத்தமே ஆகிவிட்டது, 1949 ஜனவரி 1 அன்று அது அமலுக்கு வந்தது. எந்த அவசரத்துக்காக நடைமுறைகளைத் தாண்டினார்களோ அந்த அவசரமே போய்விட்டது. ஒரு பழைய ஜீப் வாங்கும் தனி ஆள்கூட அடியில் படுத்துப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்.

நாடாளுமன்றத்தில் வருடக்கணக்கில் இது ஓடியது. அனந்தசயனம் ஐயங்கார் தலைமையில் ஒரு குழு விசாரித்தது. அதன் பரிந்துரையை ஒதுக்கிவிட்டு, 1955 செப்டம்பர் 30 அன்று விவகாரம் முடிந்துவிட்டது என்று உள்துறை அமைச்சர் கோவிந்த வல்லப பந்த் அறிவித்தார். 1956 பிப்ரவரியில் மேனன் நேருவின் அமைச்சரவையில் சேர்ந்தார், 1957-ல் பாதுகாப்பு அமைச்சரே ஆனார். 1962-ல் சீனப் போரின் தோல்வி அவரை வெளியேற்றியது. ஜீப் விஷயத்தில் அவர் சொந்தமாகக் காசு பார்த்தார் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. வழக்கே நடக்கவில்லை, எனவே குற்றமற்றவர் என்றும் எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை.

இதே காலத்தில்தான் பம்பாயில் மஹிந்திரா கம்பெனி வில்லிஸிடமிருந்து பாகங்களைத் தருவித்து ஜீப் பூட்ட ஆரம்பித்தது. 1945-ல் மஹிந்திரா அண்ட் முகம்மது என்று தொடங்கிய கம்பெனி அது. கூட்டாளியான குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போய்விட, 1948-ல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. இந்தியர்களுக்கு ஜீப் என்றால் நினைவுக்கு வருவது அவர்கள் செய்த, பானெட் உயர்ந்த சி.ஜே.3பி தான். போலீஸ் ஜீப், தாசில்தார் ஜீப், கம்பம் மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் எல்லாம் அந்த வம்சம்.

இந்தியாவில் "மிலிட்டரி ஜீப்" என்று விற்பனைக்கு வருவதில் பாதி இந்த மஹிந்திராக்கள்தான், பச்சை பெயின்ட் அடித்து முன்னால் நட்சத்திரம் போட்டவை. கண்டுபிடிக்க எளிய வழி ஸ்டீயரிங். போர்க்கால வில்லிஸும் ஃபோர்டும் எல்லாமே இடதுபக்க ஸ்டீயரிங் கொண்டவை. வலதுபக்கம் இருந்தால் அது மஹிந்திரா, இல்லாவிட்டால் யாரோ மாற்றியது. பெட்ரோல் செலவு கட்டாமல் டீசல் என்ஜின் மாற்றியவையே அதிகம். ஓட்டுவதற்கு நல்லதுதான், விலைக்குத்தான் கேடு.

நிஜமான ராணுவ வண்டி என்றால் ஜோங்கா உண்டு. நிஸான் பேட்ரோலின் வரைபடத்தில் ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலை 1960களில் தொடங்கி 1999 வரை செய்தது, நான்கு லிட்டர் பெட்ரோல் என்ஜின். ராணுவம் கழித்துக்கட்டியதும் ஏலத்தில் மொத்தம் மொத்தமாகப் போனது. ஏலத்தில் எடுத்தவர்கள் முதல் வேலையாகச் செய்தது அந்த என்ஜினைத் தூக்கிவிட்டு டீசலைப் போட்டதுதான். இப்படி எடுக்கும் வண்டியில் இரும்பைவிட முக்கியமானது காகிதம். ராணுவம் கொடுத்த விடுவிப்புச் சான்றும், சேசிஸ் எண்ணோடு ஒத்துப்போகும் ஆர்.சி. புக்கும் இல்லை என்றால் வண்டி எவ்வளவு பளபளத்தாலும் அதன் மதிப்பு கிலோ கணக்கில்தான்.

2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வருடத்தைத் தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான வண்டி என்றால் 20,000 ரூபாய் கட்டி "வி.ஏ." என்ற எழுத்துகளோடு தனி நம்பர் பிளேட் வாங்கலாம், பத்து வருடத்துக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். அன்றாடம் ஓட்டக் கூடாது, கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போடுவது, ரிப்பேர் போன்றவற்றுக்கு மட்டும். முக்கியமான நிபந்தனை, வண்டி அதன் மூல வடிவத்தில், பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் இருக்க வேண்டும். அன்றைக்கு லிட்டர் கணக்குப் பார்த்துக் கழற்றிக் காயலான் கடையில் போட்ட பெட்ரோல் என்ஜின்களை இப்போது ஆளனுப்பித் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.